முதல் பெண்சாதியின் புத்தகம்

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் பழைய கடதாசி வாங்கி விற்கும் ஒரு கடை இருக்கிறது. பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் சுற்ற அங்கிருந்துதான் கடதாசி போகும். சனிக்கிழமைகளில் நான் அங்கே போவேன். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுவிட்டு, "பாருங்க ராத்தா, கட்ட மட்டும் குழப்பிராதீங்க" என்பார். பத்திரிகைக் கட்டுகளுக்கும் பரீட்சைத் தாள்களுக்கும் நடுவில் புத்தகங்கள் கிடக்கும்.

யாரும் கேள்விப்படாத புத்தகங்களைத்தான் நான் தேடினேன். ஊர் அச்சகத்தில் சொந்தச் செலவில் அடித்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்து, அதோடு முடிந்துபோன புத்தகங்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தான் நடந்த தெருக்களைப் பற்றி எழுதியிருந்தார். நற்பிட்டிமுனை விவசாயி ஒருவர், தம்பி தன் வரம்பை ஒரு முழம் வெட்டிவிட்டான் என்பதை மட்டும் நூற்றிருபது பக்கத்துக்கு எழுதியிருந்தார். தம்பி அதை வாசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. நான் இரண்டு தரம் வாசித்தேன்.

வீட்டில் என் கை சும்மா இருக்காது. தேங்காய்ச் சிரட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, மண்கடதாசியால் தேய்த்து, எண்ணெய் பூசி, செப்புக் கம்பியில் கோத்துக் காதணியும் மாலையும் செய்வேன். நன்றாகத் தேய்த்த சிரட்டை, குளத்திலிருந்து ஏறிவந்த எருமையின் முதுகைப் போல மினுங்கும். கல்யாண வீடுகளுக்கு அதைத்தான் கொடுப்பேன். வாங்கியவர்கள் சந்தோசப்பட்டார்களா என்பதை நான் கவனித்ததில்லை. செய்யும்போது இருக்கும் அமைதி எனக்குப் போதுமாக இருந்தது.

என் கணவர் ஒரு பாடசாலையின் அதிபர். ஊர் அவரை மரியாதையாக 'சேர்' என்று கூப்பிடும். ஒரு நாளும் அவர் என்னை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. கடைக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தால், சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பித் தருவார். நான் திருத்தி மறுபடி எழுதிக் கொடுத்த பிறகுதான் சைக்கிளை எடுப்பார். விருந்தாளிகள் வந்தால் என் சிரட்டை மாலைகளை எடுத்துக் காட்டி, "இவவுக்குப் பிள்ளைகள் இல்லைதானே, கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்" என்பார். எல்லோரும் என்னைப் பரிவோடு பார்ப்பார்கள். அவரையும் பரிவோடு பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா எனக்கு மாடி வீட்டைக் கட்டிவைத்துவிட்டு எட்டு வருடம் மாப்பிள்ளைக்குக் காத்திருந்தார். எனக்கு முப்பத்தொரு வயதானபோது இவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். இறக்காமத்தில் படிப்பித்த காலத்தில் அங்கே கல்யாணம் முடித்து அந்தப் பெண்ணை விட்டவர் என்றும், ஒரு மகள் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள்.

"அந்த மொதல் பொஞ்சாதிக்கு மூள கொஞ்சம் சரியில்ல," என்று மாமி சொன்னார். "ஊட்டுக்குள்ள இரிந்து எழுதிக்கிட்டே இரிப்பாவாம்."

நாங்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இந்த மாப்பிள்ளையும் போய்விடுவாரோ என்று உம்மா பயந்தார்.

கல்யாணம் முடித்து ஒன்பதாவது வருடம், ஒரு சனிக்கிழமை, கடதாசிக் கடையில் ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. எண்பது பக்கம். அட்டையில் ஒரு குளம். எழுதியவர் ஏதோ ஒரு புனைபெயர். பின்னட்டையில் இறக்காமத்து விலாசம். உள்ளே முதல் பக்கத்தில், ஊரில் பெரிய மனிதர் ஒருவருக்கு மரியாதையோடு எழுதிக் கொடுத்த கையெழுத்து இருந்தது. அந்தப் பெரிய மனிதர் அதைத் திறக்கவே இல்லை. சில பக்கங்கள் ஓரம் வெட்டப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, கம்பி வெட்டும் கத்தரியால் அவற்றைப் பிரித்தேன்.

ஒரு பெண் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தாள். புருசனுக்குப் பெயர் இல்லை, 'அவர்' மட்டும்தான். முதல் பத்துப் பக்கம் நான் ஒன்றும் நினைக்காமல் வாசித்தேன். எழுத்து கரடுமுரடாக இருந்தது. பிழைகள் நிறைய. பிறகு அவர் குளித்துத் துடைக்கும் துவாயை நான்காக மடிக்கும் இடம் வந்தது. மூன்றாக மடித்திருந்தால் அதைத் தரையில் விரித்துவிட்டு, அவள் வந்து மடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாராம். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த பக்கத்தில் தேநீர். பிடிக்காத தேநீரை அவர் குறை சொல்ல மாட்டார். கோப்பையை மேசைவிரிப்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார். அன்று காலை நான் தோய்த்த மேசைவிரிப்பு அப்போது முற்றத்துக் கொடியில்தான் கிடந்தது.

அதன் பிறகு, அவளுடைய வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த கதை. கத்தம் ஓதும் வீட்டில் சொன்னதைவிட ஒரு நாள் கூடத் தங்கிவிட்டாள் என்பதற்காக, அவர் பத்தொன்பது நாள் அவளோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளையும் அவள் தனித்தனியாக எழுதியிருந்தாள். பதினொராம் நாள், ஆட்டுக்குக் குழை போடும்போது ஆட்டோடு கதைத்தாள். அவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு ஊரில் அவளுக்கு மூளை சரியில்லை என்ற கதை வந்தது.

அஸர் தொழுகைக்கு முன்னால் புத்தகத்தை முடித்துவிட்டேன். அவளுக்காக நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை. என் வீட்டுக்குள் என்னைவிட முன்னால் ஒருத்தி வாழ்ந்து முடித்திருக்கிறாள் என்ற எரிச்சல்தான் வந்தது. என் துன்பம்கூட எனக்குப் புதிதாகக் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கரைப்பற்றில் மணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி இறக்காமத்துக்குப் போனேன். அவரிடமிருந்து தப்பிய பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவள் நன்றாக இருந்துவிடக் கூடாது என்றும் நினைத்தேன். போகும் முன் கையெழுத்திருந்த முதல் பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டேன்.

கதவைத் திறந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த கழுத்து. எருமைத் தயிர் போட்டு விற்கிறார். கையில் தயிர்ச் சட்டி கட்டும் கயிறு இருந்தது. நான் முகத்திரையை நீக்கினேன். அவர் என்னை ஒரு நாளும் கண்டதில்லை.

"ஆரத் தேடுறீங்க?"

"இந்தப் புத்தகம் எழுதினவங்களப் பாக்க வந்தன்."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆரும் அனுப்பினாங்களா?"

"இல்ல ராத்தா. வாசிச்சன். அதுதான் வந்தன்."

"முழுக்கவா?"

"ஓம்."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "எங்க எடுத்தீங்க?"

"கல்முனையில. புத்தகக் கடையில."

"கடையில இரிந்ததா?" அவர் குரல் மாறிவிட்டது. "உள்ளுக்குக் கிடந்ததா, முன்னுக்கு வச்சிரிந்தாங்களா?"

"முன்னுக்குத்தான்."

உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். தயிரும் மேலே ஊற்ற வெல்லப் பாணியும் தந்தார். நான் சாப்பிடுவதைவிட என் மடியில் இருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் மூட்டை வைக்கும் அறையைத் திறந்து காட்டினார். பொலித்தீனால் மூடிய கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"அஞ்சு வருசமா இங்கதான் கிடக்கு. எலிதான் வாசிக்கிது," என்றார். "நீதான் முதல் ஆள்."

என் ஊர் ஒலுவில் என்று சொன்னேன். என் மாப்பிள்ளை துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர் என்றும் சொன்னேன். இரண்டையும் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு மாதம் ஒரு தடவையாவது போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சோடிக் காதணியோ மாலையோ கொண்டுபோவேன். முதல் சோடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மலிவாத் தெரியிது. எனக்கு இது போதும்," என்றார். அப்போதே போட்டுக்கொண்டார். கம்பஸில் படிக்கும் மகளுக்கும் ஒரு மாலை கேட்டார். செய்து கொடுத்தேன்.

அவர் மென்மையான பெண் இல்லை. தயிர் வாங்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நடையை அவள் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார். யானை வந்து யாருடைய வாழையையோ முறித்ததைச் சொல்லிவிட்டு, "அவனுக்கு வேணும்," என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது வருடமாக என் வீட்டில் யாரும் கெட்ட வார்த்தை பேசியதில்லை.

என் ஒலுவில் மாப்பிள்ளையும் மெல்ல வளர்ந்தார். டீசல் மணக்க வீட்டுக்கு வருவார். சத்தமாகச் சிரிப்பார். உப்புக் கூடினாலும் சாப்பிட்டுவிட்டுக் கையை நக்குவார். துவாயை வாசலில் சுருட்டி எறிவார். சொல்லச் சொல்ல எனக்கே அவர்மேல் ஆசை வந்தது. திரும்பும் பஸ்ஸில், வீட்டில் அவர்தான் இருக்கிறார் என்று சில நிமிடம் நினைத்துக்கொள்வேன்.

"நீ குடுத்து வச்சவ, புள்ள," என்றார் ஒரு நாள். "ஒனக்கு இந்தப் புத்தகம் எப்படி விளங்கிச்சி எண்டுதான் எனக்கு விளங்கல்ல."

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ போனபோது அவர் புதிதாக எழுதிய ஒன்றை வாசித்துக் காட்டினார். புத்தகத்தை மறுபடி அடிக்கும் யோசனை இருந்தது. கடைசியில் ஒரு அத்தியாயம் சேர்க்க வேண்டுமாம். கொப்பியைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

அது இரண்டாவது பெண்சாதியைப் பற்றியது.

முப்பத்தொரு வயது வரைக்கும் ஒருத்தனும் கேட்டு வராத பெண். தகப்பன் மாடி வீட்டைக் காட்டி மாப்பிள்ளை பிடித்தான். அவளுக்குத் தோல் தடிப்பு, ஒன்றும் உறைக்காது, அதனால்தான் அவருக்குப் பொருத்தம். இப்படிப் போனது. வாசிக்கும்போது இடைக்கிடை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், வசனம் நன்றாக வந்திருக்கிறதா என்று. நான் தலையாட்டினேன்.

பிறகு அந்த இடம் வந்தது. மூன்று தரம் அவளுக்குக் கரு தங்கி, மூன்று தரமும் போய்விட்டது. தன் வயிறு ஒரு தரத்திலேயே செய்ததை, அவள் வயிறு மூன்று தரமும் செய்ய மாட்டேன் என்றது.

அவர் அங்கே நிறுத்தி மெல்லச் சிரித்தார். "இந்த வசனம் எப்படி?"

எனக்கு நடந்தது இரண்டு தரம். என் கணவருக்கும் உம்மாவுக்கும் டொக்டருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இரிக்கி," என்றேன். "இது உங்களுக்கு எப்படித் தெரியும் ராத்தா?"

"மகளுக்கு டெலிபோன் எடுப்பார்தானே. அவளுக்கிட்டச் சொன்னாராம். 'ஒன்ட உம்மாவ விட்டதுக்கு அல்லாஹ் எனக்குத் தந்த தண்டன' எண்டு. அவ எனக்கிட்டச் சொன்னா." அவர் கொப்பியை மூடினார். "எனக்கு எவ்வளவு சந்தோசமா இரிந்திச்சி தெரியுமா? நான் ரெண்டு ரக்காத்துத் தொழுத."

அது மூன்றில்லை, இரண்டு என்று சொல்ல வாய் வந்தது. தயிர்ச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் நான் போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் என் கணவர் புத்தகத்தைக் கண்டார். மணிகள் போடும் பிஸ்கட் தகரப் பேணிக்குள், மண்கடதாசிக்கு அடியில் வைத்திருந்தேன். திரைச்சீலை கட்ட அவருக்குக் கம்பி தேவைப்பட்டது. நான் குசினியில் இருந்து வந்தபோது, அவர் மேசைப் பக்கத்தில் நின்றபடி நடுப்பக்கம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

மூன்று நாள் பின்னேரங்களில் அவர் விறாந்தையில் உட்கார்ந்து அதைத் திருத்தினார். மடியில் பலகை, கையில் சிவப்புப் பேனை. பரீட்சைத் தாள் திருத்தும்போது இருக்கும் அதே முகம். யாரோ கூட்டத்துக்குக் கூப்பிட வந்தபோது, கையில் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நான் தேநீர் கொண்டுபோனேன். மூன்று நாளும் குடித்தார்.

நான்காம் நாள் காலை புத்தகம் என் மேசையில் இருந்தது, மூடாமல் இருக்க மேலே என் குறடு. எழுத்துப்பிழைகள் எல்லாம் சுழிக்கப்பட்டிருந்தன. ஓரங்களில் 'மிகை', 'பொருள் தெளிவில்லை', 'சொல் தேர்வு கவனிக்க' என்று சின்னச் சின்ன எழுத்துகள். துவாய்க் கதைக்குப் பக்கத்தில், 'தரையில் அல்ல, கட்டிலில்'. பத்தொன்பது நாள் என்ற இடத்தில் எண்ணை வெட்டிவிட்டு, 'பதினேழு' என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் நூற்றுக்கு முப்பத்தொன்று. கீழே, 'முயற்சி போதாது'.

நான் முதலிலிருந்து கடைசிவரை அந்தச் சிவப்பை மட்டும் வாசித்தேன். எதையும் அவர் இல்லை என்று சொல்லவில்லை. எண்ணிக்கையையும் இடத்தையும் மட்டும் சரிசெய்திருந்தார்.

அன்று மத்தியானம் சோறு போடும்போது, "வாசித்தாயா?" என்றார்.

"வாசிச்சன்."

"பிழை என்று நினைக்கும் இடம் இருந்தால் சொல்லலாம்."

"இல்ல," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை இறக்காமத்துக்குப் போனேன். பையைத் தவறுதலாக மாற்றி எடுத்துவிட்டேன் என்று கொஞ்சக் காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. புத்தகத்தை ஒரு பத்திரிகையில் சுற்றி, நூலால் கட்டி எடுத்துப் போனேன். பஸ்ஸில் இரண்டு தரம் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினேன். அந்தப் பெண் முப்பத்தொன்று என்ற எண்ணைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்பதை வழி முழுக்க நினைத்துப் பார்த்தேன்.

அவர் முற்றத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "எங்க புள்ள, ரெண்டு மாசமாக் காணல்ல? கோவமா?"

"இல்ல ராத்தா. புத்தகம் திரும்ப அடிக்கணும் எண்டீங்கதானே. ஒருத்தர் பிழை திருத்தித் தந்தார்."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது. சிவப்பில் எழுதியிருந்த ஒரு 'ழ'வை நகத்தால் தொட்டார். என் கணவருடைய 'ழ' வாலை நீட்டிச் சுழிக்கும், வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். காலணி, கை, கழுத்து, முகம்.

"நீயா?" என்றார்.

"ஓம்."

திட்டுவார், கதவைச் சாத்துவார், சட்டியால் எறிவார் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டார். என்னை இருக்கச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. வெயிலுக்குள் நான் நின்றேன். அவர் ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு சிவப்பு எழுத்தாக, விரலை வைத்து வாசித்தார். தயிர் வாங்க வந்த பிள்ளையைக் கையாலேயே திருப்பி அனுப்பினார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும் அவர் நிமிரவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தின நாள் எடுத்தார் வாசிக்க?" என்று கேட்டார்.

"மூணு நாள்."

"மூணு நாளா? வேற வேல ஒண்டும் பாக்காமலா?"

"ஓம். கூட்டத்துக்கும் போகல்ல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் பார்க்க வந்தது அதை இல்லை. "முழுக்க வாசிச்சிரிக்கார்," என்றார். "ஒரு பக்கமும் விடல்ல." பிறகு நடுப்பக்கத்துக்குத் திரும்பிப் போனார். "பாரு, பதினேழாம். அப்ப அவரும் எண்ணிக்கிட்டுத்தான் இரிந்திரிக்கார்."

அவர் விரலை அங்கேயே வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒன்னோட எத்தின நாள் கதைக்காம இரிந்தார்? கூடின பட்சம்?"

"எட்டு," என்றேன்.

"எட்டா?" அவர் சிரித்தார். கல்யாணப் பெண்ணுக்கு வந்த குறைந்த சீரைப் பார்த்துச் சிரிக்கும் பெண்களைப் போல, பரிதாபத்தோடு. "எட்டு ஒரு நாளா?"

அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று இதை எழுதும்போதும் அந்த வெட்கம் எதற்கென்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு நாள் குறைவு என்று நான் வெட்கப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். நான் கொடுத்த காதணி, மாலை எல்லாம் அதற்குள் இருந்தன. காதில் கிடந்ததையும் கழற்றிப் போட்டார்.

"மகள்ட மாலய அவ வந்த பொறகு அனுப்புறன். இனி வராத."

"சரி ராத்தா."

"அண்டைக்கு முன்னால இரிந்து கேட்டது நீதான் அந்தப் பொஞ்சாதியெண்டு தெரிஞ்சிரிந்தாலும் வாசிச்சிரிப்பன். அத நினைச்சி நான் கவலப்படுவன் எண்டு நினைக்காத."

"அது மூணில்ல," என்றேன். "ரெண்டு."

அவர் உள்ளே போய்க் கொப்பியையும் பேனையையும் எடுத்து வந்து, வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். மூன்றை வெட்டினார். இரண்டு என்று எழுதினார். அது வந்த ஒவ்வொரு இடத்திலும் வெட்டி எழுதினார். எழுதியதை ஒரு தரம் வாயசைத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரி," என்று கதவைச் சாத்தினார்.

பஸ்ஸில் என் ஒலுவில் மாப்பிள்ளையை நினைத்துப் பார்க்க முயன்றேன். அவருக்கு முகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் விறாந்தையில் இருந்தார். என் மேசையைப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று உடனே விளங்கியது.

"புத்தகம் எங்கே?"

"எழுதினவங்களுக்கே கொண்டுபோய்க் குடுத்திட்டன்."

நான் எப்படி அங்கே போனேன், எப்போதிருந்து போகிறேன், மணி வாங்கவென்று சொன்னதெல்லாம் என்னவானது என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் முன்னால் நகர்ந்து இருந்தார். அவரை அப்படி நான் கண்டதில்லை. பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளையைப் போல இருந்தார்.

"பார்த்தாவா?"

"பாத்தா."

"முழுவதும்?"

"ஓம்."

"என்ன சொன்னா? அழுதாவா?"

அவர் மூன்று நாள் செலவழித்ததை அவள் எப்படி வாங்கிக்கொண்டாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே நாட்களைத் தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள் என்று சொன்னால், அவர் அதை மௌத்தாகும்வரை வைத்துக்கொள்வார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த வீட்டில் என் கையில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை.

"சிரிச்சா," என்றேன்.

"சிரித்தாவா?"

"ஓம். பாத்துப் பாத்துச் சிரிச்சா."

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "எந்த இடத்தில்?"

"எல்லா இடத்திலயும். பதினேழு எண்டு எழுதினீங்களே, அங்க கூடச் சிரிச்சா. தயிர் வாங்க வந்த ஆக்களயும் கூப்பிட்டுக் காட்டினா."

அவர் எழுந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தொட்டார். பேனை அங்கேதான் இருந்தது. உள்ளே இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டார்.

"நானும்தான் சிரிச்சன்," என்றேன்.